கல்லூரி மைதானத்திலிருந்து என்.எஃப்.எல்.லுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போன இடத்தில், சனிக்கிழமை காலையிலேயே ஊர் மொத்தமும் ஒரே நிறச் சட்டையில் மைதானத்துக்குக் கிளம்புவதைப் பார்த்துக் குழம்பியவர்கள் உண்டு. திங்கட்கிழமை விடியற்காலை எழுந்து, அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் பார்க்கத் தொடங்கியிருக்கும் பையன்களும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி இரு தரப்பும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லா நட்சத்திரங்களும் இதில் இல்லை. கல்லூரியில் கொடிகட்டிப் பறந்தவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனபோது என்ன ஆனார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். அதனால் சில பதில்கள் நீளும், சில இரண்டு வரியில் முடியும்.

இது நம்ம ஊர் கால்பந்தா?

இல்லை. பெயரில்தான் கால் இருக்கிறது. பந்து இரு முனையும் கூர்ந்த முட்டை வடிவம், பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர், மைதானம் 100 கெஜம். 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் இன்னும் 4 முயற்சி கிடைக்கும். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. பந்தை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். பந்தைக் கட்டிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். தூர ஓடிப்போய் எறிந்த பந்தைப் பிடிப்பவர் ரிசீவர். இந்த மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும், கீழே உள்ளதெல்லாம் புரிந்துவிடும். ஆளைப் பிடித்துச் சாய்ப்பது மட்டும் கபடி பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கல்லூரி ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டமா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். எந்த என்.எஃப்.எல். அணியின் மைதானமும் அவ்வளவு பெரியதில்லை.

காரணம் எளிது, கல்லூரி ஆட்டம்தான் மூத்தது. ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதிய முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6-இல் நடந்தது. ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. என்.எஃப்.எல். பிறந்தது 1920-இல். நடுவே இருந்த அரை நூற்றாண்டில் ஊர் அபிமானமெல்லாம் கல்லூரிகள் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அலபாமா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் இன்றைக்கும் ஒரு என்.எஃப்.எல். அணிகூடக் கிடையாது. அங்கே பல்கலைக்கழக அணிதான் குலதெய்வம். சனிக்கிழமை கல்லூரிக்கு, ஞாயிறு என்.எஃப்.எல்.லுக்கு என்ற பாகப்பிரிவினைக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. கல்லூரி சீசன் நடக்கும் மாதங்களில் தொழில்முறை ஆட்டங்களின் ஒளிபரப்பு சனிக்கிழமையைத் தொடாதபடி 1961-இல் வந்த சட்டம் அது.

காசு வாங்கிக்கொண்டு ஆடிய முதல் ஆள் யார்?

பதிவில் இருப்பவர்களில் முதல் ஆள் யேல் பல்கலைக்கழகத்தின் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர். 1892 நவம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க் கிளப்புக்கு எதிராக ஆட, அலெகெனி கிளப் அவருக்கு 500 டாலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை, வெளியே தெரிந்தால் அவமானமும்கூட. ஆனால் அவர்களுடைய கணக்குப் புத்தகம் அந்தச் செலவை ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தது. ஆட்டத்தில் எதிரணி தவறவிட்ட பந்தை அள்ளிக்கொண்டு ஓடி, ஒரே டச்டவுனையும் அவரே அடித்தார். அப்போது டச்டவுனுக்கு 4 புள்ளிதான். அலெகெனி 4-0. கொடுத்த காசு வீண்போகவில்லை.

ஜிம் தோர்ப் ஒலிம்பிக் வீரர் இல்லையா?

அவரேதான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கார்லைல் பள்ளிக்காக ஆடி, அமெரிக்க ராணுவ அகாடமி அணியை 27-6 என்று தோற்கடித்தார். தோற்ற அணியில் ஆடிய ஒருவர் பெயர் டுவைட் ஐசனோவர், பின்னாளில் ஜனாதிபதி. கார்லைல் சரியான பொருளில் கல்லூரி அல்ல. பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து 'வெள்ளைக்காரர்களாக' மாற்ற அரசு நடத்திய விடுதிப் பள்ளி. ஆனாலும் பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதி ஜெயித்தது.

சம்பளம் வாங்கி பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913-இல் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1915-இல் அவர் கான்டன் புல்டாக்ஸ் அணியில் ஓர் ஆட்டத்துக்கு 250 டாலருக்குச் சேர்ந்தார். 1920-இல் லீக் தொடங்கியபோது, இவர் பெயர் இருந்தால் பத்திரிகைகள் எழுதும் என்று இவரையே முதல் தலைவராக்கினார்கள். பிடுங்கிய பதக்கங்களுக்குப் பதில் 1983-இல் அவர் பிள்ளைகளிடம் நகல்களைக் கொடுத்தார்கள். அப்போது தோர்ப் இறந்து 30 ஆண்டு ஆகியிருந்தது.

அப்படியானால் என்.எஃப்.எல்.லைப் பிரபலமாக்கியது தோர்ப்தானா?

கதவைத் திறந்தவர் அவர். கூட்டத்தை உள்ளே கொண்டுவந்தவர் ரெட் கிரேஞ்ச்.

இல்லினாய் பல்கலைக்கழக ரன்னிங் பேக். கோடை விடுமுறையில் வீடு வீடாக ஐஸ் கட்டி சுமந்து பிழைத்த பையன். 1924 அக்டோபர் 18 அன்று, இல்லினாயின் புது ஸ்டேடியத்தின் அர்ப்பணிப்பு நாளில், மிச்சிகன் வந்திருந்தது. ஆட்டத்தின் முதல் பந்தே கிரேஞ்சிடம் வந்தது. 95 கெஜம் ஓடி டச்டவுன். அப்புறம் 67, 56, 44 கெஜ ஓட்டங்கள், மூன்றும் டச்டவுன். முதல் 12 நிமிடத்தில் நான்கு. தொலைக்காட்சி இல்லாத நாட்டில் அவர் பெயர் பத்திரிகை வழியாகவே வீட்டுக்கு வீடு போய்விட்டது.

1925 நவம்பரில் கல்லூரியின் கடைசி ஆட்டம் முடிந்தது. மறுநாளே சிகாகோ பேர்ஸ் அணியில் கையெழுத்துப் போட்டார். படிப்பு முடியவில்லை. காசுக்கு ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம், அவருடைய பயிற்சியாளர் உட்படப் பலருக்குக் கோபம். பேர்ஸ் அவரைக் கூட்டிக்கொண்டு 18 நாளில் 10 ஆட்டம் ஆடியது. இன்றைய அணிகள் வாரத்துக்கு ஒன்று ஆடிவிட்டு உடம்பு வலிக்கிறது என்கின்றன. டிசம்பர் 6 அன்று நியூயார்க்கில் சுமார் 70,000 பேர் கூடினார்கள். அந்த ஆண்டுதான் தொடங்கி, நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அந்த ஒரு நாள் வசூலில் கரையேறியது.

இன்னொரு விளைவும் உண்டு. கல்லூரிகள் போட்ட கூச்சலில், ஒரு மாணவனின் வகுப்பு பட்டம் பெறும்வரை அவனைத் தொடக்கூடாது என்று லீக் விதி போட்டது. இன்றைக்கும் நடக்கிற 'எப்போது போகலாம்' என்ற சண்டையின் தொடக்கம் அங்கேதான்.

டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். ஏலம் மாதிரியா?

என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். ஏலத்துக்கு நேர் எதிர். ஏலத்தில் காசு அதிகம் வைத்தவன் ஜெயிப்பான். டிராஃப்டில் போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு, கோப்பை வாங்கிய அணிக்கு சுற்றின் கடைசித் தேர்வு. 32 அணிகள், 7 சுற்று. எடுத்த அணியோடு மட்டும்தான் வீரர் ஒப்பந்தம் பேச முடியும். ஊர் பிடிக்கவில்லை, குளிர் அதிகம் என்றெல்லாம் சொல்ல முடியாது.

இதை முன்மொழிந்தவர் பெர்ட் பெல், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் முதலாளி. அவர் அணி ஓயாமல் தோற்றுக்கொண்டிருந்தது. நல்ல வீரர்களெல்லாம் பணக்கார அணிகளுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். பொதுநலமும் சுயநலமும் ஒரே வரிசையில் நின்ற அபூர்வமான தருணம். முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. 9 அணிகள், 9 சுற்று, 81 பெயர்கள்.

சம்பளமும் இப்போது தேர்வு எண்ணைப் பொறுத்தே. 2010-இல் முதலில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு, ஒரு பந்து எறிவதற்கு முன்பே 5 கோடி டாலர் உறுதியாகக் கிடைத்தது. மூத்த வீரர்கள் வயிறெரிந்தார்கள். 2011-இல் புதுமுகங்களுக்கு உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் மொத்தமே 2.2 கோடி டாலர். பிராட்ஃபோர்டின் காலில் பலமுறை அடிபட்டது, நியூட்டனோ 2015-இல் லீக்கின் மிகச்சிறந்த வீரரானார். ஒரு வருஷம் முன்னால் பிறந்திருக்கலாம்.

அந்த முதல் டிராஃப்டில் முதல் பெயர் யாருடையது?

ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகம். கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை 1935-இல் முதன்முதலாக வாங்கியவரும் அவரே. ஈகிள்ஸ் அவரை எடுத்தது, கட்டுப்படியாகாது என்று உரிமையை சிகாகோ பேர்ஸுக்கு மாற்றிவிட்டது. பேர்ஸின் ஜார்ஜ் ஹாலஸ் கைவிரித்தார். பெர்வாங்கர் ரப்பர் விற்கும் வேலைக்குப் போனார், பிறகு சொந்தமாகத் தொழிற்சாலை நடத்தினார். என்.எஃப்.எல்.லில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. வெகுகாலம் அந்தக் கோப்பை அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

அவருடைய பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. படிப்பு முக்கியம் என்று 1939-இல் பெரிய கால்பந்தையே கைவிட்டது.

ஹெய்ஸ்மன் வாங்கிவிட்டால் என்.எஃப்.எல். வாழ்க்கை உறுதிதானே?

பெர்வாங்கரைச் சொன்ன பிறகும் இந்தக் கேள்வி வருகிறது. சரி, இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின் 1974, 1975 இரண்டு ஆண்டும் ஹெய்ஸ்மன் வாங்கினார். இரண்டு முறை வாங்கியவர் வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான். தொடர்ந்து 31 ஆட்டங்களில் 100 கெஜத்துக்கு மேல் ஓடியவர். கல்லூரியில் மொத்தம் 5,589 கெஜம். சின்சினாட்டி பெங்கால்ஸுக்குப் போய் ஏழு சீசனில் 2,808 கெஜம். மோசமான வீரர் இல்லை, மறக்கப்படக்கூடிய வீரர். கல்லூரியில் அவருக்கு முன்னால் வழிவிட்ட சந்துகள் தொழில்முறையில் அரை நொடியில் மூடிக்கொண்டன.

ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ் 1988-இல் 11 ஆட்டத்தில் 2,628 கெஜம் ஓடினார். இன்றுவரை ஒரு சீசனில் யாரும் அதைத் தாண்டவில்லை. 2024-இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 வரை வந்தார், அதுவும் 14 ஆட்டத்தில். சாண்டர்ஸ் உயரம் ஐந்தடி எட்டங்குலம்தான். டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தது. பத்து சீசனில் 15,269 கெஜம், 1997-இல் மட்டும் 2,053. பிடிக்க வந்தவர்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு விழும் காட்சிகளை இன்றும் தேடிப் பார்க்கலாம். நான் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பேன்.

1999-இல், அன்றைய ஓட்டச் சாதனைக்கு வெறும் 1,457 கெஜம் பாக்கி இருக்கும்போது, ஓய்வு பெறுகிறேன் என்று சொந்த ஊர் விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். கோபித்துக்கொண்டவர்கள் பலர். எனக்கென்னவோ அந்த ஃபேக்ஸ் பிடித்திருக்கிறது.

எர்னி டேவிஸ் ஆடவே இல்லை என்கிறார்களே, ஏன்?

சிரக்யூஸ் பல்கலைக்கழக ரன்னிங் பேக். அதே கல்லூரியில் புகழ்பெற்ற ஜிம் பிரவுனின் 44-ஆம் எண் சட்டையை அவருக்குப் பின் அணிந்தவர். 1961-இல் ஹெய்ஸ்மன் வாங்கிய முதல் கறுப்பின வீரர். டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட முதல் கறுப்பின வீரரும் அவர்தான். எடுத்தது வாஷிங்டன். கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, அரசின் நெருக்கடிக்குப் பிறகே இறங்கிவந்த கடைசி அணி. எடுத்த கையோடு டேவிஸை கிளீவ்லண்ட் பிரௌன்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஜிம் பிரவுன் காத்திருந்தார். இருவரும் ஒரே வரிசையில் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கிளீவ்லண்டில் இன்றும் பேசுவார்கள்.

1962 கோடையில் ரத்தப் புற்றுநோய் தெரியவந்தது. 1963 மே 18-இல் இறந்தார், வயது 23. ஓர் ஆட்டமும் ஆடாத வீரருக்காக பிரௌன்ஸ் 45-ஆம் எண்ணை ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறது.

கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் யார் யார்?

இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். என்.எஃப்.எல்.லின் தொடக்க ஆண்டுகளில் ஃபிரிட்ஸ் பொல்லார்டு, பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற பால் ரோப்சன் போன்ற சில கறுப்பின வீரர்கள் ஆடினார்கள். 1934 முதல் 1945 வரை ஒருவரும் இல்லை. எழுதப்பட்ட விதி ஏதும் கிடையாது, எல்லா முதலாளிகளுக்கும் தெரிந்த ஓர் ஏற்பாடு. அதில் வீணானவர்களில் ஒருவர் கென்னி வாஷிங்டன். லாஸ் ஏஞ்சலிஸில் யூ.சி.எல்.ஏ. அணியில், பேஸ்பாலில் பின்னர் வரலாறு படைத்த ஜாக்கி ராபின்சனோடு ஒன்றாக ஆடியவர். 1939-இல் நாட்டிலேயே முதன்மையான ஆட்டக்காரர்களில் ஒருவர். யாரும் எடுக்கவில்லை.

1946-இல் ராம்ஸ் அணி கிளீவ்லண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. அவர்கள் கேட்ட கொலிசியம் மைதானம் மக்கள் வரிப்பணத்தில் கட்டியது. இன ஒதுக்கல் செய்யும் அணிக்கு எங்கள் மைதானமா என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடாமல் கேட்டார்கள். மார்ச் 21 அன்று வாஷிங்டன் கையெழுத்துப் போட்டார், ராபின்சன் பேஸ்பால் பெரிய லீக்கில் காலடி வைப்பதற்கு ஓர் ஆண்டு முன்னால். அதற்குள் வயது 27, முழங்கால்கள் போய்விட்டன. அந்தக் காலோடுதான் 1947-இல் ஒரே ஓட்டத்தில் 92 கெஜம் ஓடினார்.

தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்கள் 1960-களின் கடைசிவரை கறுப்பின மாணவர்களைத் தங்கள் அணிகளில் சேர்க்கவில்லை. திறமையெல்லாம் கறுப்பினக் கல்லூரிகளில் குவிந்தது. லூசியானாவின் கிராம்பிளிங்கில் எடி ராபின்சன் என்ற பயிற்சியாளர் 1941-இல் தொடங்கி 1997 வரை இருந்தார். 408 வெற்றிகள், 200-க்கும் மேற்பட்ட வீரர்களைத் தொழில்முறைக்கு அனுப்பினார். அவருடைய மாணவர் டக் வில்லியம்ஸ். கறுப்பினத்தவருக்கு குவார்ட்டர்பேக் வேலைக்கு வேண்டிய புத்தி இல்லை என்ற பேச்சு அப்போது வெளிப்படையாகவே இருந்தது. 1988 ஜனவரி 31-இல் நடந்த சூப்பர் பௌலில், வில்லியம்ஸ் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் எறிந்தார். வாஷிங்டன் 42, டென்வர் 10. கறுப்பின வீரர்களைச் சேர்க்க மறுத்த அதே வாஷிங்டன்.

மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து வந்தவர் வால்டர் பேட்டன். சிகாகோ பேர்ஸுக்காக 16,726 கெஜம் ஓடியவர். சாண்டர்ஸ் தாண்டாமல் விட்டுவைத்த சாதனை இதுதான். அதே மாநிலத்தில் இட்டா பீனா என்ற சின்ன ஊரில் இருக்கும் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டிலிருந்து ஜெர்ரி ரைஸ். அப்பா கொத்தனார். அண்ணன் தம்பிகள் கீழிருந்து வீசும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்துத்தான் கை பழகியது என்று அவரே சொல்லியிருக்கிறார். சான் ஃபிரான்சிஸ்கோ 1985-இல் 16-ஆவது தேர்வாக எடுத்தது. 20 சீசன் ஆடி 22,895 கெஜம். இரண்டாம் இடத்தில் இருப்பவர் 5,000 கெஜத்துக்கு மேல் பின்தங்கி நிற்கிறார். அந்தச் சாதனையை என் காலத்தில் யாரும் தொடமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

டாம் பிராடியை 199-ஆவதாக எடுத்தார்களாமே, அவ்வளவு மோசமாகவா ஆடினார்?

மோசமாக ஆடவில்லை. மிச்சிகனில் முதலில் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசி ஆண்டில்கூட ஒரு புதுப் பையனோடு மாறி மாறி ஆட வைத்தார்கள். 2000 ஜனவரி 1 அன்று தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் 369 கெஜம் எறிந்து, பின்தங்கியிருந்த ஆட்டத்தை மீட்டு அலபாமாவை 35-34 என்று ஜெயித்தார். ஆனால் டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் உடல்தகுதிச் சோதனையில் 40 கெஜம் ஓட 5.28 நொடி எடுத்துக்கொண்டார். குவார்ட்டர்பேக் என்ற கணக்கில்கூட அது ஆமை நடை. ஒல்லியான தோளோடு எடுத்த சோதனைப் படம் இன்றும் கேலிக்குச் சுற்றிவருகிறது. அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள்.

2001 செப்டம்பரில், அவரை எடுத்த நியூ இங்கிலாந்து அணியின் முதல் நிலை வீரர் டுரூ பிளெட்சோவுக்கு அடிபட, பிராடி உள்ளே வந்தார். அந்த சீசனே சூப்பர் பௌல். மொத்தம் 7 கோப்பை. எந்த ஒரு அணியும் அத்தனை வாங்கியதில்லை.

யாருமே எடுக்காதவர்கள் என்ன செய்வார்கள்?

பிராடி அந்த முதல் கோப்பையில் தோற்கடித்த ராம்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்கையே கேட்டால் சொல்வார். கர்ட் வார்னர், நார்தர்ன் அயோவா கல்லூரி. 1994-இல் எந்த அணியும் எடுக்கவில்லை. சோதனைக்குக் கூப்பிட்ட கிரீன் பேயும் திருப்பி அனுப்பிவிட்டது. அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்ட்டில், மணிக்கு 5.50 டாலருக்கு, அலமாரியில் சாமான் அடுக்கினார். பிறகு சிறிய உள்ளரங்க லீக், பிறகு ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம். 1999-இல் செயின்ட் லூயிஸில் முதல் நிலை வீரர் காயப்பட, 28 வயதில் இடம் கிடைத்தது. அந்த ஒரே சீசனில் 41 டச்டவுன், சிறந்த வீரர் விருது, சூப்பர் பௌல்.

வாரன் மூன் கதை வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 1978-இல் ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரிக் கோப்பையை வாங்கித் தந்த குவார்ட்டர்பேக். என்.எஃப்.எல். அணிகள் அவரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க விரும்பவில்லை, கறுப்பினத்தவர் என்பதுதான் காரணம். மூன் இடம் மாறச் சம்மதிக்காமல் கனடாவின் எட்மண்டனுக்குப் போய் தொடர்ந்து ஐந்து கோப்பை வாங்கினார். 1984-இல் என்.எஃப்.எல். அணிகள் அவருக்காகப் போட்டி போட்டன.

கடைசியாக எடுக்கப்படுபவருக்கு 'தேவையில்லாத ஆள்' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரே உண்டு. 2022-இல் 262-ஆவதாக, கடைசியாக எடுக்கப்பட்ட அயோவா ஸ்டேட்டின் பிராக் பர்டி, 2024 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவை சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார். தோற்றார், கூடுதல் நேரத்தில்.

எடுத்த அணிக்குப் போகமாட்டேன் என்று சொன்னவர் உண்டா?

போ ஜாக்சன். ஆபர்ன் பல்கலைக்கழகம், 1985 ஹெய்ஸ்மன், பேஸ்பாலிலும் புலி. டாம்பா பே அணி முதலாளி தன் விமானத்தில் அழைத்துப்போய் விருந்து வைத்தார். அதனால் கல்லூரி பேஸ்பாலில் ஆடும் தகுதி பறிபோனது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று ஜாக்சன் நம்பினார். என்னை எடுத்தால் வீணாகப் போகும் என்று எச்சரித்தார். எடுத்தார்கள். வீணாகப் போனது. அவர் கான்சஸ் சிட்டியில் பேஸ்பால் ஆடப் போய்விட்டார். மறுஆண்டு ரெய்டர்ஸ் அணி ஏழாவது சுற்றில் எடுத்து, பேஸ்பால் முடிந்த பிறகு வந்தால் போதும் என்றது. இரண்டு விளையாட்டிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். 1991 ஜனவரியில் இடுப்பு எலும்பு விலகி கால்பந்து முடிந்தது. செயற்கை இடுப்போடு 1993-இல் பேஸ்பாலுக்குத் திரும்பி, முதல் அடியையே ஹோம் ரன்னாக அடித்தார்.

தேர்வாளர்கள் ஏன் இத்தனை முறை தப்புக்கணக்குப் போடுகிறார்கள்?

1998-இல் டென்னசியின் பெய்டன் மானிங்கா, வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயன் லீஃபா என்று மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. மானிங் முதலாவது, லீஃப் இரண்டாவது. முதல் சீசனில் மானிங் 28 முறை பந்தை எதிரணியிடம் எறிந்தார், புதுமுகங்களில் அது மோசமான சாதனை. லீஃபும் தடுமாறினார். வித்தியாசம் அப்புறம் தெரிந்தது. மானிங் ஒவ்வொரு தப்பையும் வீடியோவில் உட்கார்ந்து பார்த்தார், ஐந்து முறை லீக்கின் சிறந்த வீரரானார். லீஃப் 25 ஆட்டத்தோடு முடிந்து, மாத்திரைப் பழக்கத்தால் சிறைக்கும் போனார். மீண்டு வந்து இப்போது போதைப் பழக்கம் பற்றி மேடைகளில் பேசுகிறார்.

கல்லூரியில் ஒரு நல்ல அணி, ஆண்டுக்குப் பல ஆட்டங்களைப் பலவீனமான அணிகளோடு ஆடும். தொழில்முறையில் எதிரே நிற்கும் 11 பேரும் அவரவர் கல்லூரியின் ராஜா. கல்லூரி வீடியோ, ஓட்ட வேகம், எடை தூக்குவது எல்லாவற்றையும் அளக்கலாம். தோற்ற திங்கட்கிழமை ஒருவன் என்ன செய்வான் என்பதை அளக்கக் கருவி இல்லை.

எத்தனை பேர் உண்மையில் மேலே போகிறார்கள்? எப்போது போகலாம்?

கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. சொல்லும் கணக்குப்படி, டிராஃப்டுக்குத் தகுதி பெறுபவர்களில் சுமார் 1.6 சதவீதம். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. ஒஹாயோ ஸ்டேட்டின் மொரீஸ் கிளாரெட் முதலாண்டிலேயே அணியை தேசிய சாம்பியனாக்கிவிட்டு, 2003-இல் இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ் கோர்ட்டில் ஜெயித்து மேல்முறையீட்டில் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமயோர், இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி. இரண்டு ஆண்டு ஆடாமல் துருப்பிடித்த கிளாரெட்டை டென்வர் 2005-இல் எடுத்து, சீசன் தொடங்கும் முன்பே விட்டுவிட்டது.

கல்லூரி வீரர்களுக்கு இப்போது காசு உண்டா?

உண்டு. 2021 ஜூலை 1 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-இல் வந்த வழக்குச் சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பங்கு கொடுக்கின்றன.

இதில் எனக்கு நினைவுக்கு வருபவர் பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழக நட்சத்திரம். 1938-இல் பிட்ஸ்பர்க் அவருக்கு 15,800 டாலர் கொடுத்தது, லீக்கிலேயே அதிகம். அந்த ஆண்டு ஓட்டத்தில் முதலிடம் பிடித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். 1962 முதல் 1993 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. 1984-இல் கல்லூரி கால்பந்தின் தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. மொத்தமாகக் கையில் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று கோர்ட் தீர்ப்பளித்தது. கோடிகள் கொட்டத் தொடங்கிய கதவு அதுதான். அதற்கு மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் வைட். கல்லூரி ஆட்டம் வியாபாரமாகிவிடக்கூடாது என்பது அவர் வாதம். லீக்கிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய ஆள் அதைச் சொன்னார் என்பதைச் சிரித்துவிட்டும் போகலாம், யோசித்தும் பார்க்கலாம்.

இடையில் மாட்டிக்கொண்டவர் ரெஜி புஷ். சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடியபோது குடும்பம் பணமும் சலுகையும் பெற்றது என்ற விவகாரத்தில் தன் 2005 ஹெய்ஸ்மனை 2010-இல் இழந்தார். விதிகள் மாறிய பிறகு, 2024 ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தியாவிலிருந்து எப்போது பார்ப்பது?

செப்டம்பர், அக்டோபரில் கல்லூரி ஆட்டங்கள் நம் நேரப்படி சனிக்கிழமை இரவு 9.30-க்குத் தொடங்கும், என்.எஃப்.எல். ஞாயிறு இரவு 10.30-க்கு. நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். டிராஃப்டின் முதல் சுற்று ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழன் இரவு, நமக்கு வெள்ளி காலை 5.30. காபியோடு உட்காரலாம். ஆனால் முதல் சுற்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். 199-ஆம் எண் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித்தான் வரும்.